இன்ஜின் தேய்ந்துவிட்டதா, வேறு ஏதாவதா? அறிகுறி வாரியாகப் பார்த்துக்கொள்ளும் முறை

"இந்த வண்டியின் இன்ஜின் எத்தனை கிலோமீட்டர் தாங்கும்?" என்று கேட்டால் ஒரே எண்ணைச் சொல்பவரை நம்பாதீர்கள். 100, 125 சிசி நான்கு ஸ்ட்ரோக் பைக், ஆயில் ஒழுங்காக மாற்றப்பட்டு வந்தால், 80,000 கிலோமீட்டரை ரிங்கைத் (பிஸ்டனைச் சுற்றிச் சிலிண்டர் சுவரோடு அடைக்கும் வளையம்) தொடாமலே தாண்டும். லட்சத்தைக் கடந்து ஓடுபவையும் உண்டு. அதே இன்ஜினை ஏர் ஃபில்டர் கிழிந்த நிலையில் புழுதியில் ஓட்டிப் பாருங்கள், சில ஆயிரம் கிலோமீட்டரில் போர், அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளை, காலி. பல சிலிண்டர் கொண்ட பெரிய டூரிங் வண்டிகள் இரண்டு லட்சம் வரை போகும். மோட்டோகிராஸ் பந்தய வண்டிக்கோ கிலோமீட்டர் கணக்கே கிடையாது. எத்தனை மணி நேரம் ஓடியது என்று எழுதிவைத்து பிஸ்டன் மாற்றுவார்கள்.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் இது ஏன் என்று புரியும். பிஸ்டன் ஒரு தடவை மேலேறும் தூரம் 50 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றுகிறது என்றால், வண்டி ஒரு கிலோமீட்டர் போவதற்குள் 6,000 சுற்று. சுற்றுக்கு ஒரு ஏற்றம், ஓர் இறக்கம், ஆக 100 மி.மீ. அதாவது வண்டி ஒரு கிலோமீட்டர் நகர்ந்தால் ரிங் சிலிண்டர் சுவரில் 600 மீட்டர் உரசியிருக்கிறது. லட்சம் கிலோமீட்டருக்கு 60,000 கிலோமீட்டர் உரசல்! இவ்வளவையும் அது தாங்குவது நடுவில் மெல்லிசாக ஓர் ஆயில் படலம் இருப்பதால்தான். அந்தப் படலம் எங்கே அறுகிறதோ அங்கேதான் தேய்மானம்: ஆயில் மேலே ஏறாத காலைநேர ஸ்டார்ட், பிஸ்டன் நின்று திரும்பும் உச்சி, உள்ளே புகுந்த மணல்தூள், அளவு குறைந்த ஆயில்.

அதனால் இன்ஜின் மொத்தமாக ஒரே நாளில் தேய்வதில்லை. வால்வு சீல் ஒரு பக்கம், வால்வுகளை இயக்கும் டைமிங் செயின் ஒரு பக்கம், ரிங் ஒரு பக்கம் என்று தனித்தனியாகப் போகும். "இன்ஜின் போயிடுச்சு" என்று கேட்கும்போதெல்லாம் "எந்தப் பாகம்?" என்று திருப்பிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் பிரிக்க விடாதீர்கள்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். என் பழைய வண்டியில் புகை வந்தது. பார்த்த மெக்கானிக் ரிங் என்றார், நானும் தலையாட்டினேன். சிலிண்டரைக் கழற்றி புது ரிங் போட்டு மாட்டியாயிற்று. மறுநாள் காலையில் அதே புகை. ரப்பர் இறுகிப்போன இரண்டு சின்ன வால்வு சீல்கள்தான் காரணம் என்று தெரிய இன்னும் ஒரு மாதம் ஆனது. புகை எப்போது வருகிறது என்று முதலிலேயே கவனித்திருந்தால் போதும்.

பிரிக்கும் முன் பார்க்க வேண்டியவை

ஆயில் அளவு. வண்டியை நேராக நிறுத்தி, கையேட்டில் சொன்ன முறையில் பாருங்கள். பல வண்டிகளில் அளவுக்கம்பியைத் திருகாமல் சும்மா நுழைத்துப் பார்க்க வேண்டும், திருகிப் பார்த்தால் தப்பான அளவு காட்டும். அப்புறம் ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக்கின் நிறம், டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவே விடும் இடம்), கிளட்ச் கேபிளின் தளர்வு, சங்கிலியின் இறுக்கம், பிரேக் உரசுகிறதா என்பது. இவை எல்லாம் ஒரு மணி நேர வேலை. இதிலேயே பாதிப் புகார்கள் முடிந்துவிடும் என்பது என் அனுபவம்.

பிக்கப் இல்லை, மேட்டில் இழுக்கவில்லை

முதலில் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றுங்கள். தடையில்லாமல் சுற்றாவிட்டால் பிரேக்கோ, அதிக இறுக்கமான சங்கிலியோதான். இன்ஜினைக் குறை சொல்ல வேண்டாம்.

அடுத்து கிளட்ச். டாப் கியரில் போகும்போது சட்டென்று முறுக்குங்கள். சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. கேபிளில் தளர்வே இல்லாவிட்டாலும் இது நடக்கும், தகடு தேய்ந்தாலும் நடக்கும். கார் ஆயிலை ஊற்றிய பிறகு ஆரம்பித்தது என்றால் சந்தேகமே வேண்டாம். கிளட்ச் ஆயிலில் மூழ்கியிருக்கும் வண்டிகளுக்கு ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 (ஜப்பானியத் தரக்குறி) என்று டப்பாவில் போட்ட ஆயில்தான் சரி. உராய்வைக் குறைக்கும் சேர்மானம் கலந்த கார் ஆயில் கிளட்சையும் வழுக்கவைத்துவிடும்.

இரண்டும் சரி என்றால் ஏர் ஃபில்டர் அடைப்பு, சைலன்சரில் கரி, பிறகு டேப்பட். அதையும் தாண்டினால்தான் கம்ப்ரெஷன், அதாவது பிஸ்டன் கலவையை அழுத்தும் அழுத்தம், பக்கம் போக வேண்டும். அதைக் கீழே சொல்கிறேன்.

புகை வருகிறது

நிறத்தைப் பாருங்கள். கறுப்புப் புகை தேய்மானம் அல்ல, பெட்ரோல் அதிகமாகப் போகிறது: அடைத்த ஃபில்டர், மூடியே இருக்கும் சோக், கார்புரேட்டர் கோளாறு, ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டியில் சென்சார். குளிர்ந்த காலையில் வரும் வெள்ளைப் புகை வெறும் நீராவி, வண்டி சூடானதும் போய்விடும். தண்ணீரால் குளிரும் இன்ஜினில் சூடான பிறகும் வெள்ளைப் புகை தொடர்ந்து, கூலன்ட் அளவும் குறைந்தால், சிலிண்டருக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கட்டைப் பாருங்கள்.

நீலம் கலந்த சாம்பல் புகைதான் ஆயில் எரிவது. இங்கேதான் நேரம் முக்கியம்.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததும் குபுக்கென்று வந்து சில நிமிடத்தில் நின்றுவிட்டால் வால்வு சீல். ராத்திரியில் ஆயில் சொட்டுச் சொட்டாக வால்வுத் தண்டு வழியே இறங்கியிருக்கிறது. இன்னொரு அடையாளமும் உண்டு. நீண்ட இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு இறங்குங்கள், கீழே வந்ததும் முறுக்குங்கள், பின்னால் வருபவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த நொடியில் மட்டும் புகை கிளம்பினால் அதுவும் வால்வு சீல் அல்லது வால்வு கைடு. ஆக்ஸிலேட்டர் மூடியிருக்கும்போது காற்று உள்ளே வரும் வழியில் உறிஞ்சல் பலமாக இருக்கும், அந்த உறிஞ்சல்தான் ஆயிலை இழுக்கிறது.

முறுக்க முறுக்க, சுமை ஏற ஏற, நிற்காமல் வந்தால் ரிங்கும் போரும். ஆனால் அவசரப்படாதீர்கள். ஆயில் அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலும் இதே போலத்தான் புகையும். கூடுதல் ஆயிலை இறக்கிவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்.

இரண்டு ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்களுக்கு நீலப் புகை புதிதல்ல. அளவுக்கு மீறிப் புகைந்தால் கியர் பாக்ஸ் ஆயில் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) ஆயில் சீல் விட்டிருக்கிறது, கியர் ஆயிலைத்தான் இன்ஜின் எரிக்கிறது.

புகையே தெரியவில்லை, ஆனால் ஆயில் குறைகிறது

மேல் கோடு வரை ஊற்றி, மீட்டர் எண்ணைக் குறித்துவைத்து, 500 கிலோமீட்டரில் ஒரு தடவை, 1,000-ல் ஒரு தடவை பாருங்கள். வெளியே கசிவு இல்லாமல் 1,000 கிலோமீட்டருக்கு 100 மி.லி. குறைந்தால் நான் பிரிக்க மாட்டேன், ஊற்றிக்கொண்டே ஓட்டுவேன். பழைய இன்ஜினுக்கு அது பெரிய குற்றம் இல்லை. 300 மி.லி. குறைந்தால் கதை வேறு. சின்ன இன்ஜினில் இருப்பதே ஒரு லிட்டர் சொச்சம் ஆயில்தான், அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். மிச்சமிருக்கும் ஆயில் அதிகம் சூடாகும், வளைவிலும் மேட்டிலும் பம்ப்புக்கு எட்டாமல் போகும். ஆயில் குடிக்கும் இன்ஜின் அதனால் மட்டும் சாவதில்லை. அளவு பார்க்காமல் விட்டதால்தான், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் கீழ் பேரிங் போய்ச் சாகிறது.

ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறது, கிக்கர் லேசாக இறங்குகிறது

கிக்கரைக் காலால் மெதுவாக அழுத்தும்போது ஓரிடத்தில் கெட்டியாக நிற்க வேண்டும். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் கம்ப்ரெஷன் ஒழுகுகிறது. இதற்குக் கம்ப்ரெஷன் கேஜ் வேண்டும்.

இன்ஜினைச் சூடாக்குங்கள். பிளக்கைக் கழற்றி, பிளக் தொப்பியை இன்னொரு பிளக்கில் மாட்டி இன்ஜின் உடம்பில் படும்படி வையுங்கள், ஆனால் பிளக் துளையிலிருந்து தள்ளி. கேஜைத் திருகி, ஆக்ஸிலேட்டரை முழுவதும் திறந்து பிடித்து, முள் ஏறுவது நிற்கும் வரை செல்ஃபையோ கிக்கரையோ அடியுங்கள். ஆக்ஸிலேட்டரைத் திறக்க மறந்தால் நல்ல இன்ஜினும் நோஞ்சானாகத் தெரியும். பல சிறிய இன்ஜின்களில் சதுர செ.மீ.க்கு 10 முதல் 13 கிலோ வரை வரும். ஆனால் உங்கள் வண்டிக் கையேட்டில் உள்ள எண்தான் கணக்கு. ஸ்டார்ட்டிங்கை எளிதாக்கத் தானாகக் கம்ப்ரெஷனைத் தளர்த்தும் அமைப்பு சில இன்ஜின்களில் உண்டு, அவற்றில் இயல்பாகவே எண் குறைவாக இருக்கும்.

எண் குறைவா? பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மி.லி. இன்ஜின் ஆயில் விட்டு, சில சுற்று சுற்றி, மறுபடி அளவெடுங்கள். எண் நன்றாக ஏறினால், ஆயில் ரிங்கைச் சுற்றி அடைத்திருக்கிறது, ஆக ஒழுகல் ரிங் வழியே. ஏறவே இல்லை என்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். இந்த ஒரு சோதனையை அன்று செய்திருந்தால் எனக்கு அந்த வீண் ரிங் செலவு வந்திருக்காது.

காற்றழுத்தம் செலுத்த வசதி இருந்தால் இன்னும் துல்லியம். வால்வு இரண்டும் மூடிய நிலையில் பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, பிளக் துளையில் காற்றை விட்டு, காதை வையுங்கள். பிஸ்டன் சட்டென்று கீழே தள்ளப்படலாம், கிராங்கைப் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. கார்புரேட்டர் பக்கம் சீறினால் இன்லெட் வால்வு. ஆயில் ஊற்றும் துளையில் சீறினால் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கட்.

வால்வு என்று வந்தால் ஹெட்டைக் கழற்றும் முன் டேப்பட்டை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். வால்வு தன் இருக்கையில் தேயத் தேய உள்ளே போகும், இடைவெளி குறையும், கடைசியில் இடைவெளியே இல்லாமல் வால்வு முழுசாக மூடாது. இன்ஜின் ஆறிக் குளிர்ந்த பிறகு, கம்ப்ரெஷன் உச்சியில் ஃப்ளைவீல் குறியை நேராக்கி, ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) பாருங்கள். சிறிய இன்ஜின்களில் இது 0.05 முதல் 0.10 மி.மீ. என்ற அளவில் இருக்கும், தலைமுடி தடிமன்தான். சரிசெய்ததும் கம்ப்ரெஷன் திரும்பிவிட்டால் வேலை முடிந்தது. காலையில் நன்றாக ஓடி, சூடானதும் நின்றுபோய், ஆறினால் மறுபடி ஓடும் வண்டிக்கும் இதுவே முதல் சந்தேகம். சூட்டில் எக்ஸாஸ்ட் வால்வு நீளும். இரண்டாவது சந்தேகம் சூட்டில் செத்துப்போகும் இக்னிஷன் காயில். நின்ற அந்த நிமிடமே பிளக்கில் பொறி வருகிறதா என்று பார்த்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும்.

சத்தம் கேட்கிறது

சத்தத்தை எழுத்தில் விளக்குவது கஷ்டம். இருந்தாலும் எங்கே, எப்போது என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் பிடிபடும். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜின் உடம்பில் வைத்து, பிடியைக் காதோரம் வைத்தால் சத்தத்தின் இடம் தெரியும். சுழலும் பாகமும் சூடான சைலன்சரும் பக்கத்தில் உண்டு, கவனம்.

ஹெட்டிலிருந்து தையல் மெஷின் போல "டிக் டிக்" என்று வந்தால் டேப்பட் இடைவெளி அதிகம். எரிச்சலாக இருக்குமே தவிர அவசரம் இல்லை. சத்தம் போடும் டேப்பட்டைவிடச் சத்தமே போடாத டேப்பட்டுக்குத்தான் நான் பயப்படுவேன், காரணத்தை மேலே பார்த்தீர்கள். சரிசெய்த பிறகும் டிக் டிக் நிற்கவில்லை என்றால் கேம் மேடும் ராக்கர் முகமும் குழிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். சைலன்சர் ஹெட்டில் சேரும் இடத்தில் கேஸ்கட் விட்டிருந்தாலும் இதே "டிக்" வரும், பலர் அதில் ஏமாறுவார்கள். அந்த இணைப்பைச் சுற்றிக் கரிக்கோடு இருந்தால் அதுதான்.

சிலிண்டரின் ஒரு பக்கத்திலிருந்து, ஐடிலிங்கில் கரகரவென்று வந்து, கொஞ்சம் முறுக்கினால் மறைவது டைமிங் செயின். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்திருக்கலாம், செயின் நீண்டிருக்கலாம். இதைத் தள்ளிப்போடக்கூடாது. செயின் ஒரு பல் தாண்டினால் வால்வின் நேரம் தப்பும், சில இன்ஜின்களில் பிஸ்டன் வால்வை முட்டும்.

கிளட்சைப் பிடித்தால் சத்தம் மறைகிறதா, மாறுகிறதா? கிளட்ச் கூடையோ கியர் பாக்ஸ் பேரிங்கோ. சிலிண்டர் பக்கம் போகவே வேண்டாம்.

குளிர்ந்த இன்ஜினில் "டக் டக்" என்று தட்டி, ஐந்து நிமிடத்தில் அடங்கினால் பிஸ்டன் சிலிண்டரில் ஆடுகிறது. சூடானதும் பிஸ்டன் விரிந்து இடைவெளி குறைகிறது. இது தேய்மானத்தின் அடையாளம்தான், ஆனால் புகையும் ஆயில் குறைவும் இல்லாவிட்டால் இன்னும் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டலாம்.

மேட்டில் டாப் கியரில் இழுக்கும்போது மட்டும் "டிங் டிங்" என்று கோலிக்குண்டு போட்டதுபோல் கேட்டால், பெட்ரோல் கலவை நேரம் தவறி வெடிக்கிறது. கரி, அதிக சூடு, குறைந்த ஆக்டேன் பெட்ரோல், காற்று அதிகமான கலவை ஆகியவற்றைப் பாருங்கள். இது தேய்மானம் அல்ல, விட்டால் பிஸ்டனைத் துளைக்கும்.

கடைசியாக, இன்ஜினின் அடியிலிருந்து கனமாக "தட் தட்", சுமையில் கூடி, காலடி வரை அதிர்ந்தால், அது கனெக்டிங் ராடின் கீழ் பேரிங். சூடானாலும் குறையாது. அந்த இடத்திலேயே நிறுத்துங்கள், தள்ளிக்கொண்டு போங்கள். இன்னும் பத்து கிலோமீட்டர்தானே என்று ஓட்டினால் ராட் உடைந்து இன்ஜின் உடம்பையே கிழித்துவிடும். பிறகு சரிசெய்ய எதுவும் மிஞ்சாது.

இறக்கிய ஆயிலில் தூள் மின்னுகிறது

வடிகால் நட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசைபோல ஒட்டியிருந்தால் அது கியர் பற்களின் சாதாரணத் தேய்மானம். துடைத்துவிட்டுப் போடுங்கள். விரலால் நசுக்கினால் நெருடும் செதில்கள் இருந்தால்தான் கவலை. காந்தம் பிடித்தால் எஃகு: பேரிங், கியர், கேம். காந்தம் பிடிக்காத வெள்ளிச் செதில் அலுமினியம், பிஸ்டனோ ஹெட்டோ. பொன்னிறம் என்றால் ஏதோ ஒரு புஷ், அதாவது தண்டு சுழலும் வெண்கல வளையம். கறுப்பு ரப்பர் துணுக்கு வந்தால் டைமிங் செயின் உரசும் கைடு தேய்கிறது.

பால்கலந்த காபிபோல் ஆயில் இருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. தினமும் கொஞ்ச தூரமே ஓடி, சூடாவதற்குள் நிறுத்தப்படும் வண்டியில், ஊற்றும் மூடியின் உட்புறம் இப்படிப் படியும். ஒரு நாள் நெடுந்தூரம் ஓட்டி ஆயிலை மாற்றினால் சரியாகிவிடும். ரேடியேட்டர் உள்ள வண்டியில் மறுபடி வந்தால் கேஸ்கட்டையும் வாட்டர் பம்ப் சீலையும் பாருங்கள்.

ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் ஆயில் நனைந்திருந்தால் ஒன்று அளவு அதிகம், இல்லை ரிங் வழியே வாயு கீழே இறங்கி ஆயிலை மூச்சுக்குழாய் வழியாகத் தள்ளுகிறது.

சரி, பிரிக்கத்தான் வேண்டும் என்றால்

அளக்காமல் எதையும் மாற்றாதீர்கள். போரை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில், பிஸ்டன் பின்னுக்கு இணையாகவும் குறுக்காகவும் அளக்கச் சொல்லுங்கள். மேல் ரிங் நின்று திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம் இருக்கும், அங்கே விரல் நகத்தில் ஒரு விளிம்பு தட்டும். பல கையேடுகளில் தேய்மான எல்லை 0.1 மி.மீ. பக்கத்தில்தான் இருக்கும். எல்லைக்குள் வட்டமாக இருந்தால் லேசாக ஹோனிங் செய்து (சுவரை மெல்லத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி) புது ரிங் போதும். கோணலாகிப்போன போரில் புது ரிங் போட்டால் சில வாரத்தில் பழைய புகையே திரும்பும்.

எல்லை தாண்டினால் போர் போட்டு, அதாவது துளையைக் கடைந்து பெரிதாக்கி, அடுத்த அளவுப் பிஸ்டன், 0.25 அல்லது 0.50 மி.மீ. கூடுதல். பிஸ்டனை முதலில் வாங்கி லேத்துக்காரர் கையில் கொடுத்துவிட்டுத்தான் போர் போட வேண்டும். அந்தப் பிஸ்டனை அளந்து அதற்கேற்ற இடைவெளி விடுவதுதான் சரியான முறை. நிகாசில் பூச்சுள்ள சிலிண்டருக்கு இந்த வழி கிடையாது. 1967-ல் ஜெர்மனியின் மாலே நிறுவனம் ரோட்டரி இன்ஜினுக்காகக் கொண்டுவந்த நிக்கல், சிலிக்கன் கார்பைடு பூச்சு அது. தேய்வது அபூர்வம். தேய்ந்தால் மறுபூச்சு, இல்லையேல் புது சிலிண்டர்.

சிலிண்டர் கழன்றிருக்கும்போதே கனெக்டிங் ராடை உச்சியில் நிறுத்தி மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம், மேலும் கீழும் துளிகூட ஆடக்கூடாது. ஆடினால் கிராங்கையும் இப்போதே இறக்குவது நல்லது. கீழே ஆடும் இன்ஜினுக்கு மேலே புது ரிங் போட்டால் கம்ப்ரெஷன் ஏறி, கீழ் பேரிங் இன்னும் சீக்கிரம் போகும்.

மாட்டிய பிறகு ஐடிலிங்கில் நீண்ட நேரம் விடாதீர்கள். ஒரே வேகத்திலும் ஓட்ட வேண்டாம், மிதமாக ஏற்றி இறக்கி ஓட்டினால்தான் ரிங் சுவரில் உட்காரும். முதல் 500 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றிவிடுங்கள். அந்த ஆயிலை வெயிலில் பிடித்தால் மெல்லிய வெள்ளிப்பொடி மின்னும். புது ரிங்கும் புதுப் போரும் ஒன்றையொன்று உரசிப் பழகியதில் வந்த தூள் அது. இரண்டாவது மாற்றத்திலும் அதே அளவு மின்னினால் மட்டும் மறுபடி காந்தத்தை எடுங்கள்.